நான் கூப்பிட்டும் நீ வராத காடு

நிமலன்,

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உன் வீட்டிலிருந்து புறப்பட்டபோது நீ வாசலில் நின்று அம்மாவுக்கு மட்டும் கையசைத்தாய். எனக்கு அது விளங்காமல் இல்லை. பேர்ணிலிருந்து லாங்கன்தால் வரும்வரை ரயிலில் அம்மாவும் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான், "அவன் கேட்டது பெரிய விசயமோ? ஒரு பின்னேரம் பேத்தியோட காட்டுக்குப் போறது" என்றார். பதில் அவருக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நடுவில் உனக்கு வேறு அழைப்பு வரும், பிறகு கதைப்போம் என்று இரண்டு பேரும் வைத்துவிடுவோம். சனிக்கிழமைகளில் நீ அழ அழ உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன் அல்லவா, அதன் பலனை இன்றைக்கு அனுபவி. எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி, அவசரம் இல்லை.

அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் எல்லோரும் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றீர்கள். பேத்தி மாயா என்னிடம் வந்து, "அப்பப்பா, நான் ஒளிக்கிறன், நீங்கள் தேடுங்கோ" என்றாள். வேறு விளையாட்டுகள் சொல்லிப் பார்த்தேன். நாலு வயதுப் பிள்ளையோடு வாதாடி யார் வென்றிருக்கிறார்கள்? ஓடிவிட்டாள். அறைகளில் தேடினேன், காணவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். அவள் அலுமாரிக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள், எந்தப் பிள்ளையும் செய்வதுதான். ஆனால் அடுத்த முறை அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபோது எனக்குச் சத்தம் வரவில்லை. நடையில் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். நீ ஓடிவந்து தண்ணீர் தந்தாய், பிரஷர் பார்த்தாய், மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்று ஏசினாய். பிரஷர் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு தேநீர் குடிக்கும்போது நீ மாயாவுக்கு உன் கிண்டர்கார்டன் காலத்தைச் சொன்னாய். உன் முகம் எப்படி மலர்ந்திருந்தது தெரியுமா? இலைகளைக் குவித்துவிட்டு அதற்குள் குதித்தது, காட்டுக் கஷ்கொட்டைகளைப் பொறுக்கித் தீக்குச்சி குத்தி மாடும் குதிரையும் செய்தது, நெருப்பு மூட்டி அதில் வாட்டிய சோசேஜ் பாதி கரியாகவும் பாதி பச்சையாகவும் இருந்தது, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாய். கடைசியில், "எங்கட மார்ட்டி ரீச்சர் தன்ர சாப்பாட்டுத் தகர ரின்னைத் தட்டுவா. அந்தச் சத்தம் கேட்டால் ஒளிச்சிருக்கிற எல்லாரும் வெளியில வரோணும். அது அவவின்ர கண்டுபிடிப்பு. நாங்களும் புதன்கிழமை அப்பிடித்தான் விளையாடப் போறம்" என்றாய். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது மார்ட்டி ரீச்சரின் கண்டுபிடிப்பு இல்லை, நிமலன். அப்போதுதான் நீ என் பக்கம் திரும்பி, நீங்களும் வாங்கோவன் அப்பா என்று கேட்டாய். எனக்கு முழங்கால் ஏலாது என்றேன். "முழங்கால் இல்லையப்பா. நான் சின்னனா இருக்கேக்கையும் நீங்கள் ஒருநாளும் காட்டுக்கு வந்ததில்லை. பிள்ளையளோட விளையாட என்ன பயம்?" என்றாய். நீ கோபத்தில் கேட்டாய். ஆனால் சரியான சொல்லைத்தான் பிடித்தாய்.

எண்பதுகளின் பின்பகுதி அது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் இங்கே வந்துவிட்டேன். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, நாலைந்து பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, உனக்கு ஒலிநாடாவில் கதைத்து அனுப்புவேன். அம்மா அதைப் போட்டுக் காட்டும்போது நீ ரேப்ரெக்கோடரைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்ப்பாயாம். அம்மாவும் நீயும் இங்கே வந்து சேர்ந்தபோது உனக்கு ஐந்து வயது. ரயில் நிலையத்தில் என்னைக் கண்டதும், சொல்லித் தந்தபடி "அப்பா" என்றாய். அதற்குப் பிறகு வீட்டில் என்னிடம் ஒரு விருந்தாளியிடம் நடப்பதுபோல மரியாதையாக நடந்தாய். நான் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பாய். எனக்கு அது வலித்தது. போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன்.

கோடை முடிந்ததும் கிண்டர்கார்டன் தொடங்கியது. வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளைக் காட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று தெரிந்தபோது அம்மா திகைத்துப்போனார். "மழையிலயும் கூட்டிக்கொண்டு போவினமாம். இவையளுக்குக் கட்டடம் இல்லையோ?" என்று கேட்டார். பிறகு அவரே யாரோ பாவித்துக் கொடுத்த றப்பர் சப்பாத்தைக் கழுவிக் காய வைத்து உனக்குப் போட்டுவிட்டார். முதல் சில வாரங்கள் நீ சந்தோசமாகத்தான் வந்தாய். காற்சட்டைப் பைகள் நிறையக் கஷ்கொட்டை. அவற்றை என் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாய், ஆனால் ஒன்றும் சொல்லமாட்டாய். நான் அவற்றைத் துடைத்து யன்னல் ஓரம் வரிசையாக வைப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது இருந்த கதை அவ்வளவுதான்.

அந்த நாள் காலையில் பனிப்புகார் நிலத்தோடு கிடந்தது. நான் தொழிற்சாலையில் பீங்கான் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு நின்றேன். பொறுப்பாளர் வந்து தொலைபேசி என்றார். மறுமுனையில் பேசியவர் சொன்னதில் பிள்ளை, காடு என்ற இரண்டு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. பொறுப்பாளர் வாங்கிக் கேட்டுவிட்டு, என் தோளில் கை வைத்து, கையால் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினார். பிள்ளைகள் அன்றைக்கு முதல்முறையாக ஒளித்து விளையாடியிருக்கிறார்கள். விளையாட்டு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். உன்னைக் காணவில்லை. வேலை உடுப்போடு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். எந்தத் தெருவால் போனேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

காட்டு ஓரத்தில் மார்ட்டி ரீச்சர் வெளிறிப்போய் நின்றார். மற்றப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரும் வேறு சிலரும் மரங்களுக்கிடையில் தேடிக்கொண்டிருந்தார்கள். "நிமாலான், நிமாலான்" என்று உன் பெயரை நீட்டி நீட்டிக் கூப்பிட்டார்கள். இவர்கள் பெயரை வேறு விதமாகச் சொல்வதால் பிள்ளைக்கு விளங்கவில்லை, நான் தமிழில் கூப்பிட்டால் வந்துவிடுவான் என்று நினைத்தேன். எவ்வளவு நம்பிக்கையோடு கூப்பிட்டேன் தெரியுமா? "நிமலன், அப்பா வந்திருக்கிறன். வெளியில வா ராசா." ஒரு இலைகூட அசையவில்லை. இன்னும் உள்ளே போய்க் கூப்பிட்டேன். பயப்படாதே என்றேன். ஒருவரும் அடிக்கமாட்டார்கள் என்றேன். இனிப்பு வாங்கித் தருகிறேன் என்றேன். அப்பா வந்திருக்கிறன், அப்பா வந்திருக்கிறன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். குரல் கட்டிப்போனதும் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தில் குந்தியிருந்து மூச்சு வாங்கினேன். அந்தப் பனிப்புகாருக்குள் என் குரலை நானே கேட்கும்போது யாரோ ஒரு அந்நியன் கூப்பிடுவதுபோல இருந்தது.

அம்மா மத்தியானம் வழக்கம்போல உன்னைக் கூட்டிப்போகக் கிண்டர்கார்டன் வாசலில் போய் நின்றிருக்கிறார். அங்கிருந்த ஒரு பெண் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதே நேரம் பொலிஸ் வண்டியும் வந்து நின்றது. சீருடையோடு இரண்டு பேர் இறங்கி, பின்கதவைத் திறந்து நாயை இறக்கினார்கள். அம்மா அழுவார், மயங்குவார் என்று நான் பயந்தேன். அவர் நேரே என்னிடம் வந்து, "நீங்கள் என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"என்னெண்டு கூப்பிடுறது? அப்பா வந்திருக்கிறன், வெளியில வா எண்டுதான்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இனி எவ்வளவு நேரம் கூப்பிட்டாலும் வரமாட்டான்" என்றார்.

அந்த அவசரத்தில் அவர் சொன்னதையும் பிறகு இரவில் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். ஊரில், சண்டை நடந்த காலத்தில், எங்கள் பக்கத்து வளவில் ஒரு பெடியன் இருந்தான். மீசை அரும்பும் வயது. தகப்பன் சவூதியில் வேலை. ஒருநாள் விடியற்காலை ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். யாருடைய ஆட்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது, தமிழில்தான் கதைத்தார்கள். அவன் பனங்கூடலுக்குள் ஓடி ஒளித்துவிட்டான். வந்தவர்கள் தேடவில்லை, அதட்டவில்லை. அவன் பெயரைச் சொல்லி, உன் அப்பா வந்திருக்கிறார், சந்தியில் நிற்கிறார், வெளியில் வா என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டு ஓடிவந்தான். அம்மா எங்கள் வளவில் அடுக்கியிருந்த தென்னோலைக் கிடுகுகளுக்குப் பின்னால் உன்னை மடியில் வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். கிடுகு இடுக்கால் நீயும் அதைப் பார்த்தாய். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. அன்றைக்கே அம்மா உனக்குச் சொல்லித் தந்தார்: "அப்பா வந்திருக்கிறார் எண்டு ஆர் சொன்னாலும் வெளியில வரப்படாது. அப்பா கூப்பிடுற மாதிரியே கேட்டாலும் வரப்படாது. அப்பா வெளிநாட்டில. நான் சுளகு தட்டினால் மட்டும் வா." ஆபத்து விலகியதும் அம்மா முற்றத்தில் குந்தியிருந்து அரிசி புடைக்கத் தொடங்குவார், இடையில் சுளகைத் தட்டுவார். அது எந்த வீட்டிலும் கேட்கும் சத்தம், யாருக்கும் சந்தேகம் வராது. நீ எங்கே ஒளித்திருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு வந்துவிடுவாய். எனக்கு ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "இஞ்ச வந்த பிறகும் அது தேவைப்படுமெண்டு ஆர் நினைச்சது?" என்றார்.

காட்டில் அம்மா சொன்னபடி நான் எல்லோரையும் கெஞ்சினேன். சீருடையும் நாயும் இங்கே நிற்கக்கூடாது, ஒருவரும் வாய் திறக்கக்கூடாது, எல்லோரும் தெருவுக்குப் போங்கள். இங்கத்தைய டொச்சு மொழியில் எனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. பொலிஸ்காரர் சம்மதிக்கவில்லை, நாய் உடனே கண்டுபிடித்துவிடும் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. மார்ட்டி ரீச்சர்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரோடு ஏதோ கடுமையாகக் கதைத்தார். நாயை வண்டியில் ஏற்றினார்கள். அம்மா ரீச்சரின் சாப்பாட்டுத் தகரப் பெட்டியை வாங்கி, உள்ளே இருந்த பாண் துண்டுகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஈர இலைகளுக்கு மேல் குந்தியிருந்தார். பெட்டியைச் சுளகுபோல இரண்டு கையாலும் பிடித்து அசைத்துவிட்டு, விரல்களால் தட்டினார். நிறுத்தினார். திரும்பத் தட்டினார். அவர் உன் பெயரைச் சொல்லவே இல்லை.

நான் முன்பு குந்தியிருந்து மூச்சு வாங்கினேனே, அந்த விழுந்த மரத்தின் வேர்க்குழிக்குள் இருந்து இலைகள் எழும்பின. நீ வெளியே வந்தாய். என் காலடியில் இருந்திருக்கிறாய், நிமலன். குனிந்து கையை விட்டிருந்தால் உன் தலைமயிர் என் கையில் பட்டிருக்கும். நான் கத்திய ஒவ்வொரு சொல்லும் உனக்குக் கேட்டிருக்கிறது. நீ அழவில்லை. நேரே அம்மாவிடம் போய், அவர் காதுக்குள், ஆனால் எனக்கும் கேட்கும்படி சொன்னாய்: "அம்மா, அவங்கள் அப்பா மாதிரியே கதைச்சவங்கள்."

நான் பக்கத்தில் நின்றேன். "நான்தான், ராசா, கூப்பிட்டது. அப்பாதான்" என்றேன். நீ என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அம்மாவும் ஓம், அப்பாதான் என்றார். நீ தலையாட்டினாய், மரியாதைக்கு ஆட்டுவதுபோல. ரீச்சர் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதார். வீட்டுக்குப் போகும்போது சைக்கிளின் முன்பாரில் உன்னை இருத்தித் தள்ளிக்கொண்டு நடந்தேன், அம்மா பின்னால் வந்தார். பாதி வழியில் நீ திரும்பி என்னைக் கேட்டாய்: "இனி நீங்கள் கூப்பிட்டால் அது நீங்கள்தான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" இவ்வளவு காலத்தில் என்னிடம் நீ கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அடுத்த வாரமே மார்ட்டி ரீச்சர் அம்மாவிடம் வந்து, அந்தத் தட்டலைத் தனக்கும் காட்டித் தரச் சொன்னார். உனக்கு மட்டும் தனியாக ஒரு அடையாளம் இருந்தால் நீ வேறாகத் தெரிவாய் என்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே விளையாட்டு முடியும் சத்தமாக்கிவிட்டார். அந்த இலையுதிர் காலம் முழுவதும் லாங்கன்தால் பிள்ளைகள் எங்கள் வீட்டுச் சுளகுச் சத்தத்துக்குக் காட்டுக்குள் இருந்து ஓடிவந்தார்கள். நீயும் அவர்களோடு சிரித்துக்கொண்டு ஓடிவந்தாய். கொஞ்சம் கொஞ்சமாக நீ முன்னதை மறந்துவிட்டாய். நல்ல மனுசி அவர். அவருக்கு நான் ஒழுங்காக ஒரு நன்றி சொன்னதில்லை, அதற்கு வேண்டிய மொழி எனக்கு வந்தபோது அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

நீ மறந்தது எனக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இலை விழத் தொடங்கினால், பனிப்புகார் இறங்கினால், நான் உன்னைக் கூப்பிட்ட குரல் எனக்குத் திரும்பக் கேட்கும். உன் வகுப்பு காட்டுக்குப் போகும் நாட்களில் வேலையில் தட்டுகளை உடைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் உன்னைத் தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீ கவனித்தாயோ தெரியாது. நீ உதைபந்து விளையாடிய காலத்தில் ஒருநாள், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்துக்கு நடுவில் நடந்துவந்து உன் தோளைத் தொட்டேன். மத்தியஸ்தர் விசில் ஊதினார், உன் சிநேகிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நீ ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை. ஓரத்தில் நின்று கூப்பிட்டிருக்கலாமே என்று கத்தினாய். கூப்பிட்டிருக்கலாம். நீ திரும்பாமல் விட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு.

இதை எழுதுகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். "அவன் மறந்ததை ஏன் திரும்பக் கையில குடுக்கிறியள்?" என்று கேட்டார். நானும் அதை யோசித்தேன். உன் காடு உனக்கு ஒரு அழகான காடு. அதைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை, அது உண்மையும்தான், நீ கண்ட சந்தோசம் பொய் இல்லை. ஆனால் உன் பிள்ளையை வளர்க்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள். நாங்கள் பயத்தில் சொல்லிக் கொடுப்பதைத்தான் பிள்ளைகள் மிக ஒழுங்காகப் பிடித்துக்கொள்வார்கள். அம்மா சொல்லிக் கொடுத்தது அங்கே உன் உயிரைக் காப்பாற்றியிருக்கும், அதில் அவர்மேல் ஒரு குறையும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அதைக் கழற்றிவிட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மாயா அலுமாரிக்குள் இருந்து பதில் சொல்லாமல் சிரிப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று உனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். அவளைத் தாராளமாகச் சத்தம் போட விடு.

புதன்கிழமை வருகிறேன். முழங்கால் ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் போகாத சப்பாத்து அம்மா எடுத்து வைத்திருக்கிறார், அவரும் வருவார். ஒன்றே ஒன்று கேட்கிறேன், என்னைத் தேடச் சொல்லாதே. அது மட்டும் என்னால் ஏலாது. நான் ஒளிக்கிறேன், மாயா தேடட்டும். ரின் ஒன்றும் தட்டத் தேவையில்லை. அவள் அப்பப்பா என்று ஒருமுறை கூப்பிட்டால் போதும், எந்த மரத்துக்குப் பின்னால் நின்றாலும் வந்துவிடுவேன். அவள் களைத்துப் போய் இருக்கும்போது, உனக்கு மனமிருந்தால், நீயும் ஒருமுறை தூரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டுப் பார்.

அப்பா